பதின்ம வயதினருக்கு எதை வாசிக்கக் கொடுத்தோம்?

"சேர், வாசிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கோ" என்று மாணவர் ஒருவர் கேட்டால், தமிழாசிரியர்களாகிய எங்களிடம் விடை எப்போதும் ஆயத்தமாகவே இருக்கும். திருக்குறள், மு. வரதராசனார், கல்கி, பாரதியார் என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுவோம். எனது ஆசிரியர் எனக்குச் சொன்னதும் இதுதான். அவருடைய ஆசிரியர் அவருக்குச் சொன்னதும் ஏறத்தாழ இதுவாகவே இருந்திருக்கும். இவை உயர்ந்த நூல்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கேட்கின்ற பிள்ளை யார், எங்கிருந்து வருகிறது, எதற்காகக் கேட்கிறது என்று பாராமலே சொல்லிவிடக்கூடிய விடை இது.

வானொலியில் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களும், பின்னர் பத்திரிகையில் வாசிக்கப்போகும் அன்பர்களும் ஒரு கணம் தம் பதினான்காம், பதினைந்தாம் வயதினை நினைத்துப் பார்க்கலாம். சிறுவர் பாடல்களைக் கடந்துவிட்ட வயது. பெரியோர் வாசிக்கும் நாவலை எடுத்தால் "உனக்கேன் இப்ப இது?" என்று கையிலிருந்து பறிக்கப்படும் வயது. அந்த நடு வயதுக்காக எமது நாட்டுத் தமிழ் உலகம் எதைத் தேர்ந்து கொடுத்தது, யார் கொடுத்தார், யாருக்குக் கொடுக்காமல் விட்டார் என்ற வரலாற்றையே இன்று பேச விழைகிறேன்.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் ஆறுமுக நாவலர் நிற்கிறார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் ஆரம்பித்தபோது, மாணாக்கர் கையிற் கொடுப்பதற்கு உகந்த தமிழ் வசன நூல் அரிதாகவே இருந்தது. மிஷனரிமாரின் பாடப்புத்தகங்கள் இருந்தன. அவை கிறிஸ்தவ சமயத்தைச் சொல்லின. ஏட்டுச் சுவடிகள் இருந்தன, அவை புலவர்க்குரியவை. நாவலர் அச்சுக்கூடம் நிறுவிப் பாலபாடங்களை எழுதினார். பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டார். நான்காம் பாலபாடத்தைக் கையில் எடுத்தவர் அறிவர். கடவுள், கொலை, களவு, கள்ளுண்ணல் முதலிய பொருள்களிலே தெளிந்த வசனத்தில் அமைந்த கட்டுரைகள் அவை. தமிழ் உரைநடை வாசிப்பதற்கு இலகுவானதொரு கருவியாக மாறியதிலே அவருக்குள்ள பங்கினை எவரும் மறுதலிக்க முடியாது.

ஆயினும் அவருடைய தேர்வின் அடிப்படையை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளை எத்தகைய மனிதனாக வரவேண்டும் என்று முதலிலே தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற நூலை ஆக்குவது அவர் முறை. சமயமும் மொழியும் நெருக்கடியில் இருந்த காலத்தில் அந்த முறைக்கு நியாயம் இருந்தது. பின்வந்த நாங்கள் அவருடைய நெருக்கடியை மறந்து, முறையை மாத்திரம் பற்றிக்கொண்டோம். பாடசாலையில் இன்றும் 'நல்ல புத்தகம்' என்றால் நல்லொழுக்கம் போதிக்கும் புத்தகம் என்றே பலர் பொருள் கொள்கின்றனர்.

நாவலர் மறைந்தது 1879இல். அதன்பின் ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை மரைக்காரின் 'அசன்பேயுடைய சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடும் நூல் இது. சட்டம் பயின்றவர், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882இல் ஆரம்பித்தவர், முஸ்லிம் பிள்ளைகளின் நவீன கல்விக்காக, பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும், பாடுபட்டவர். அப்படிப்பட்ட ஒருவர் நாவல் எழுத முனைந்தபோது நீதிக்கதை எழுதவில்லை. பெற்றோரைப் பிரிந்து வளரும் ஒரு பையன், நாடு விட்டு நாடு, ஆபத்து, வீரம் என்று விரைந்து செல்லும் கதையையே எழுதினார். எமது முதல் நாவலே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை விரும்பக்கூடிய கதையாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பாடசாலை மாணவரிடம் இந்நூலைப் பற்றிக் கேட்டால் ஆசிரியர் பெயரையும் ஆண்டினையும் பரீட்சைக்காகச் சொல்வார்கள், கதையை அறியார்கள். 1895இல் வந்த திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'க்கும் இதே கதிதான்.

சிறு பிள்ளைகள் விடயத்தில் நாம் பின்னடையவில்லை. 1935இல் வெளிவந்த 'பிள்ளைப் பாட்டு' தொகுதியும், நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாடல்களும் எமது மண்ணின் மணத்தோடு பாலர் வகுப்புக்குள் வந்தன. ஆடிப்பிறப்புக் கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடாத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்ததில்லை எனலாம். சிக்கல் அதற்கு அப்பாலே தொடங்குகிறது. வெருளியைப் பாடிய பிள்ளை பன்னிரண்டு வயதைத் தாண்டியதும், அதற்கென்று ஓர் இறாக்கை எங்கும் இருக்கவில்லை. 'சிறுவர் இலக்கியம்' முடியும் இடத்திற்கும் 'இலக்கியம்' தொடங்கும் இடத்திற்கும் இடையே ஒரு வெளி. அந்த வெளியைக் கடக்க உதவியவை நூல்கள் என்பதைவிட, மனிதர்களும் வாசிகசாலைகளும் என்பதே பொருந்தும்.

1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையில், 844 நூல்களோடும் முப்பதளவிலான பத்திரிகை சஞ்சிகைகளோடும் அது முறையான நூலகமாயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பு அது. இளைஞரும் முதியோரும் அந்த ஓரறையில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தனர். பின்னர் பெரிய கட்டடம் அமைக்கத் திட்டமிட்டபோது இந்தியாவிலிருந்து நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. கட்டடம் 1959இல் திறந்து வைக்கப்பட்டது.

ரங்கநாதன் சீர்காழியைச் சேர்ந்த தமிழர். நூலகவியலுக்கு அவர் 1931இல் வகுத்த ஐந்து விதிகள் உலகெங்கும் பயிலப்படுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கென்று ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்ற கருத்து அவற்றுள் அடங்கும். கேட்பதற்கு எளிய கருத்துத்தான். ஆனால் நாவலர் வழிவந்த எமது பாடசாலை மரபினைத் தலைகீழாக்கும் கருத்து இது. நூலிலிருந்து பிள்ளைக்கு வருவதற்குப் பதிலாகப் பிள்ளையிலிருந்து நூலுக்குப் போகச் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு நூல் சொல்ல வேண்டுமாயின், அந்தப் பிள்ளையையும் தெரிந்திருக்க வேண்டும், பல நூல்களையும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் எழுதி ஒட்டிவிட்டுப் போவதால் அது நிறைவேறாது.

இவ்விரண்டையும் தெரிந்திருந்த ஒருவர் குரும்பசிட்டியில் வாழ்ந்தார். இரசிகமணி கனக செந்திநாதனைத்தான் சொல்கிறேன். தொழிலால் ஆசிரியர். சிறுகதை எழுதினார், விமர்சனம் எழுதினார். 'கரவைக்கவி கந்தப்பனார்' என்ற புனைபெயரில் ஈழகேசரியிலே 'ஈழத்துப் பேனா மன்னர்கள்' என்ற தொடரை எழுதி, எம்மிடையே இப்படியும் எழுத்தாளர் உளர் என்று வாசகருக்கு அறிமுகஞ் செய்தார். 1964இல் வந்த அவருடைய 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி' இன்றும் ஆய்வாளர் கைவிடாத நூல். அவரை 'நடமாடும் நூலகம்' என்று அழைத்தனர். பட்டங்கள் பல வழங்கும் நாடு எமது நாடு. அவற்றுள் பொருத்தமாக அமைந்தவை சில. இது அவற்றுள் ஒன்று. அதே குரும்பசிட்டியிலிருந்துதான் 'வெற்றிமணி' என்ற சிறுவர் சஞ்சிகையும் வெளிவந்தது. சிறியதொரு கிராமத்தில் இவ்வளவு நிகழ்ந்ததற்குக் காரணம் பணமன்று. வாசித்ததை மற்றவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத சிலர் அங்கே இருந்தனர்.

நா. பொன்னையா 1930இற் சுன்னாகத்தில் தொடங்கிய ஈழகேசரி, 1958 வரை வெளிவந்து, மாணவருக்கும் இளம் எழுத்தாளருக்கும் இடங்கொடுத்தது. வாசிக்கச் சொல்வதோடு நில்லாமல் எழுதவும் சொன்ன பத்திரிகை. இப்படியான இடங்களில் எழுதிப் பழகிய இளைஞர் தலைமுறையே 1946இல் 'மறுமலர்ச்சி' சஞ்சிகையைக் கொண்டுவந்தது.

இதே காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகள் கடல் கடந்து வந்து குவிந்தன. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா சிறியோர்க்கு. கல்கி, ஆனந்த விகடன், கலைமகள் பெரியோர்க்கு. ஆனால் வீட்டில் முதலில் எடுத்து வாசித்தது யார் என்று பார்த்தால், அநேகமாக அந்த நடுவயதுப் பிள்ளையே. 'பொன்னியின் செல்வன்' 1950 தொடக்கம் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. பக்கங்களைக் கவனமாகக் கிழித்தெடுத்து, மணியத்தின் சித்திரங்களோடு தைத்துக் கட்டிய பிரதிகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. என் பேரனார் வீட்டிலும் இருந்தது. கல்கியை வாசித்தால் எமது பிள்ளைகள் தஞ்சாவூரை அறிவார்கள், தம் சொந்த மண்ணை அறியார்கள் என்று பிற்காலத்தில் முற்போக்காளர் குறைப்பட்டனர். அதில் உண்மை உண்டு. என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்தியத்தேவன் ஈழத்துக்கு வரும் பகுதியிலே எமது கடலும் காடும் அநுராதபுரமும் வருகின்றன. பதின்மூன்று வயதில் அதனை வாசித்த எனக்கு, நான் போய்ப் பார்த்திராத அநுராதபுரம் மனதிலே எழுந்தது. தடித்த புத்தகம் பயமுறுத்தாது என்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவதற்கு இன்றளவும் இதற்கு நிகரான நூல் தமிழில் இல்லையென்பதே எனது கருத்து. இங்கேயே நின்றுவிடுவதுதான் குறை.

1970இற் பதவிக்கு வந்த அரசாங்கத்தின் காலத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகர் பலர் கோபமடைந்தனர். தொடர்கதை பாதியிலே நின்றுபோன துயரம் எங்கள் வீட்டுப் பெரியம்மாவுக்குக் கடைசி வரை இருந்தது! ஆனால் அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரிப் பிரசுரங்கள் முளைத்தன. எமது நாட்டு எழுத்தாளரின் நாவல்கள் மலிவு விலையில், வர்ண அட்டையோடு, பஸ் நிலையக் கடைகளிலும் தொங்கின. 1973இல் மட்டும் அந்த வரிசையிலே இரண்டு நூல்கள் வந்தன. இரண்டும் பதின்ம வயதினருக்கென்று எழுதப்படாதவை, இரண்டையும் நான் அவ்வயதினருக்கே கொடுக்கிறேன்.

ஒன்று செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. வாடைக்காற்றுக் காலத்தில் நெடுந்தீவுக் கரையிலே வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவரின் கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. தரம் பத்திலே பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவனுக்கு இந்நூலைக் கொடுத்தேன். தீவகத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. தமிழ்ப் பாடத்தில் எழுத்து எழுத்தாக வாசிப்பவன். மூன்று கிழமை நூலைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் பாடம் முடிந்தபின் வந்து, "சேர், இதில வாற காத்துகள் உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டான். கரும்பலகையிலே திசைகளை வரைந்து வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று எழுதி, எந்த மாதத்தில் எது எழும்பும், எதற்குத் தொழிலுக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று எனக்கும் நின்றிருந்த ஐந்தாறு பிள்ளைகளுக்கும் விளக்கினான். 'கொண்டல்' என்பதைச் சங்கப் பாடலுரையில் மட்டும் அறிந்திருந்த பட்டதாரி நான். அவனோ அதன் நனைவை முகத்தில் அறிந்தவன். இலக்கியம் என்பது தனக்கு வெளியே, வேறு யாருக்கோ உரியது என்றிருந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த ஒன்று அச்சில் இருப்பதைக் கண்டு வந்து நின்றான். அவனுக்குப் 'பொன்னியின் செல்வ'னைக் கொடுத்திருந்தால் முதல் அத்தியாயத்திலேயே மூடியிருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மற்றது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. முல்லைத்தீவுப் பகுதியின் தண்ணிமுறிப்பு என்ற வன்னிக் கிராமம், காடு, வயல், பதஞ்சலி என்ற பெண். மண வாழ்வின் சிக்கலைத் தொடும் பகுதி அதில் இருப்பதாற் சில ஆசிரியர் தயங்குவர். பதினாறு வயதுக்கு மேல் தயக்கம் வேண்டியதில்லை என்பேன். போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்த ஊர்களுள் தண்ணிமுறிப்பும் ஒன்று. அக்கிராமம் ஒரு காலத்தில் எப்படிப் பேசியது, எப்படி உழைத்தது என்பதற்கு இந்நாவல் இன்று சான்றாகவும் நிற்கிறது. வன்னியிலிருந்து வந்து எமது விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடம் இதனைக் கொடுக்கும்போது எதுவும் விளக்குவதில்லை.

சிரிக்க விரும்பும் பிள்ளைக்குச் செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்' உண்டு. ஊர் தாண்டாத ஆச்சி கதிர்காமம் போகும் கதை. சிரிப்பை எமது பாடசாலைகள் இலக்கியமாகக் கருதுவதில்லை. அதனாலேயே இந்நூலை முதலாகக் கொடுப்பது எனக்குப் பிடிக்கும்.

1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் சஞ்சிகைகள் மீண்டும் வந்தன. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசிக்கப்பட்டனர். ஆசிரியர்மார் பறித்தெடுத்து அலுமாரியில் பூட்டினர். பூட்டிய பின் தாம் வாசித்தனர் என்பது மாணவரின் சந்தேகம்! ஒளித்து வாசிப்பதற்கு ஒரு பிள்ளை எடுக்கும் சிரமம், வாசிப்பிலே அதற்கு இருக்கும் பசியின் அளவு. நான் அவற்றைப் பறிப்பதில்லை. முடிந்ததும் அடுத்ததாக என்ன வாசிக்கலாம் என்று கேட்க வைப்பதே என் வேலை.

சோவியத் நாட்டிலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளையும் இங்கே சொல்ல வேண்டும். கெட்டி அட்டை, நல்ல தாள், அடிமட்ட விலை. அரசியலுக்காக அனுப்பப்பட்டவை என்பது உண்மை. ஆயினும் சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைகளை எமக்குத் தந்தவை அவையே. எழுத வாசிக்க அரைகுறையாகத் தெரிந்த ஓர் இளைஞன் கிர்கீசியக் கிராமத்தில் பள்ளிக்கூடம் தொடங்கும் கதையை, ஆசிரியத் தொழிலுக்குப் போக விரும்பும் ஒவ்வொரு மாணவிக்கும் கொடுப்பது என் வழக்கம்.

இதுவரை சொன்னதில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. நூல் யாருக்குக் கொடுக்கப்பட்டது? ஈழத்துத் தமிழ்க் கல்வியின் பெருமையைப் பேசும்போது நாங்கள் இந்தக் கேள்வியை மெதுவாகக் கடந்துவிடுகிறோம். சாதியின் பெயரால் பள்ளிக்கூட வாசலிலே நிறுத்தப்பட்டவரும், உள்ளே விட்டாலும் வாங்கில் இருத்தப்படாதவரும் எமது வரலாற்றில் உள்ளனர். டொமினிக் ஜீவா அப்படியான அவமதிப்பினாற் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். யாழ்ப்பாணத்தில் தம் தந்தையாரின் சிகையலங்கார நிலையத்தில் தொழில் செய்துகொண்டு, கிடைத்ததையெல்லாம் வாசித்து எழுத்தாளரானார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 1966இல் 'மல்லிகை'யை ஆரம்பித்து, தாமே சுமந்து, வீதியில் நின்று விற்று, பல தசாப்தங்கள் நடத்தினார். எந்த ஆசிரியரும் அவருக்கு நூற்பட்டியல் கொடுக்கவில்லை. அவரோ நூற்றுக்கணக்கான இளைஞருக்கு வாசிப்பையும் எழுத்தையும் கொடுத்தார். 2021இல் அவர் காலமானார். அவருடைய சுயசரிதையான 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' உயர்தர வகுப்பு மாணவர் எல்லோரும் வாசிக்க வேண்டிய நூல். சைவ மரபில் ஊறிய கல்லூரி ஒன்றிலே கற்பிக்கும் நான் இதனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாவலர் தொடக்கிய பணியின் ஒளியைப் பாடுகிற வாய், அந்த ஒளி எட்டாத வாங்கினையும் சொல்ல வேண்டும். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலையும் இவ்வரிசையிலேயே சேர்ப்பேன்.

1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச் சுவடிகளின் இழப்பினைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் நினைப்பது வேறு. அங்கே மாலையில் சைக்கிளை விட்டுவிட்டுப் போய் இரவல் எடுக்கும் பழக்கம் ஒரு தலைமுறை மாணவருக்கு அறுந்தது. நூலகர் ஒருவர் முகம் பார்த்து "தம்பி, இதைக் கொண்டுபோய்ப் பார்" என்று சொல்லும் அந்தச் சிறிய நிகழ்வும் அன்றோடு எரிந்தது.

என்னுடைய பதின்ம வயது தொண்ணூறுகளில் கழிந்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு. நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே அச்சாகின. அந்தக் காலத்தில் ஊர்ச் சனசமூக நிலையங்களும், இரவலாகக் கைமாறிய நூல்களுமே எங்களை வாழ வைத்தன. அட்டை இல்லாத, முதல் இருபது பக்கம் இல்லாத நாவல்களை வாசித்திருக்கிறேன். ஆரம்பத்தை நாங்களே கற்பனை செய்துகொள்வோம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது எங்கள் வீட்டு நூல்கள் வீட்டிலேயே நின்றன. திரும்பி வந்தபோது அலுமாரி மட்டும் இருந்தது.

இன்றைய பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டத்தின் மூலம் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. ஈழகேசரியையும் மல்லிகையையும் கைத்தொலைபேசியிலே வாசிக்கலாம். 844 நூல்களோடு ஓர் அறையில் தொடங்கியவர்கள் இதனைக் கண்டிருந்தால் வியந்திருப்பர். ஆனால் ஆயிரக்கணக்கான நூல்களின் முன் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை எதைத் தொடுவது என்று தெரியாமற் கையை எடுத்துவிடுகிறது. பாடசாலை முடிந்தால் ரியூட்டரி, ரியூட்டரி முடிந்தால் மாதிரி வினாத்தாள். பெற்றோரில் ஒரு பகுதியினர் "கதைப்புத்தகம் சோதனைக்குப் பிறகு" என்கின்றனர். சாதாரண தரத்தின் பின் உயர்தரம், உயர்தரத்தின் பின் வெளிநாடு. அந்தப் 'பிறகு' வருவதேயில்லை.

ஆகவே நான் என் வகுப்பறையில் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுப்பட்டியல் ஒட்டுவதில்லை. கவிதை என்றால் ஓடும் பையனுக்கு மஹாகவியின் 'குறும்பா'வை நீட்டுகிறேன். 1966இல் வந்த அந்த ஐந்தடிக் குறும்புகளைப் படித்துவிட்டு இரண்டு நாளில் தானும் ஒன்று எழுதிக்கொண்டு வருவான், அநேகமாக ஆசிரியரைப் பற்றி. தன் ஊரின் பழைய முகத்தைத் தேடும் பிள்ளைக்கு எஸ். பொன்னுத்துரையின் 'நனவிடை தோய்தல்'. உறவினர் எல்லாம் கனடாவில் இருக்க, தானும் போகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. கொக்குவிலிற் பிறந்து உலகமெங்கும் போனவர், போன இடமெல்லாம் ஊரையும் கொண்டு போனவர். மலையகத்தை வகுப்பறை வரைபடத்தில் மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே'. ஒரு கொழுந்துக் கூடையின் நிறைக்குள்ளே ஒரு பெண்ணின் மானம் எப்படி அடங்கியிருக்கிறது என்று இராமையா எழுதியதைப் படித்தபின் தேநீர் குடிப்பது கொஞ்சம் கடினமாக இருக்கிறது என்று ஒரு மாணவி எழுதித் தந்தாள். பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த பெண் கவிஞரின் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்'. ஆண்பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறேன். அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

இன்னொரு நூல் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இற் சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ'. தென்னிலங்கைக் கிராமத்துக் குழப்படிப் பையன் உபாலியும் தோழன் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடி, களப்பின் நடுவே ஆளில்லாத தீவில் பயிர் செய்து வாழ முயலும் கதை. எமது நாட்டிலே உண்மையாகவே பதின்ம வயதினரின் கையில் மூன்று தலைமுறையாகத் தங்கியிருக்கும் நூல் இதுவாகத்தான் இருக்கும். அதிலே போதனை இல்லை. ஆனால் உழைப்பும் நட்பும் பயமும் இருக்கின்றன. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. சிங்களப் பிள்ளை ஒன்று இதை வாசித்து எங்கே சிரித்ததோ, அதே இடத்தில் எனது மாணவரும் சிரிக்கக் கண்டேன். இரண்டு மொழிகளுக்கிடையே இவ்வளவு கசப்பு நிகழ்ந்த நாட்டில், அதை நான் சாதாரண விடயமாக எண்ணவில்லை.

வகுப்பறை அலுமாரியில் உள்ள அதன் ஒரே பிரதி இப்போது தரம் ஒன்பது மாணவி ஒருத்தியிடம் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் மூவர் பெயர் கொடுத்திருக்கின்றனர். நேயர்கள் எவரிடமாவது வாசித்து முடித்த பிரதியொன்று வீட்டில் சும்மா இருக்குமாயின், உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் அப்படி மூவர் காத்திருக்கக் கூடும்.